பரமலிங்கத்தார் கடை மயில்

இந்தக் கையாலை ஒருக்காத் தொட்டால் காணும். மீன் தண்ணி ஊறின கை. கடதாசி ஊதிப்போகும், மை கரைஞ்சுபோகும். பிறகு ஆருக்கு எதைக் காட்டுறது?

ஜெயந்தா அப்படி நினைத்தாளே தவிர இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குசினி வாசலில் கட்டையொன்றில் குந்தியிருந்து ஓரா மீனுக்கு முள்ளுத் தறித்துக்கொண்டிருந்தாள். ஓராவுக்கு முதுகிலும் முள்ளு, வயிற்றிலும் முள்ளு. வேறு எதைச் செய்ய முதலும் அதை எடுத்துவிடவேண்டும். கவனம் பிசகிக் குத்தினால் பாதி நாளுக்குக் கை கடுக்கும். ஐம்பது வயதில் இதை அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அவளுடைய கண் மீனில் இல்லை. விறாந்தை மேசையில் கண்ணாடித் தாளுக்குள் வைத்திருந்த ஒரு பழைய கடித உறையில் இருந்தது.

சோளகம் இரண்டு நாளாய் விடாமல் அடித்தது. துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்று முற்றத்துப் புழுதியைக் கிளப்பிக் கதவுச் சீலையில் அப்பியது. மேசையில் இருந்த நிலக்சனா ஒரு கையால் தாள்களை அமத்திக்கொண்டு மறு கையில் முத்திரை பிடிக்கிற சாவணத்தோடு குனிந்திருந்தாள். தலைமயிரை உச்சியில் முடிந்திருந்தாள். அப்படி முடிந்தால் அச்சொட்டாய் றோஸ்தான். பின்கழுத்தில் அதே மச்சம்.

நிலக்சனா றோஸின் மகள். றோஸ் ஜெயந்தாவின் தமக்கை. வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வந்து றோஸ் செத்தாள். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. இரண்டு வருஷம் கழித்து, ஓலைக் கொட்டிலுக்குள் நடந்த ஒரு பூசையில், தமக்கையின் புருஷனுக்கே ஜெயந்தாவைக் கட்டிவைத்தார்கள். பிள்ளையைப் பார்க்க வேற்றாளை விடலாமோ என்று தாய் கேட்டாள். அதற்கு அவள் பதில் எதிர்பார்க்கவில்லை. முந்தி அத்தான் என்று கூப்பிட்டவரை அதற்குப் பிறகும் அத்தான் என்றே கூப்பிட்டாள். சொல்லைக்கூட மாற்றவேண்டி வரவில்லை.

அவளுக்கென்று ஒரு பிள்ளை தங்கவில்லை. நிலக்சனா அவளைத்தான் அம்மா என்று சொல்லி வளர்ந்தாள். சுவரில் இருந்த படத்தை றோஸம்மா என்பாள். சனிக்கிழமை தோறும் அந்தப் படத்தின் கண்ணாடியை ஈரத் துணியால் துடைப்பது ஜெயந்தாவின் வேலை. இருபத்தேழு வயதுக்கு மேல் ஒரு நாளும் ஏறாத முகம். நரை இல்லை, மூட்டு நோவு இல்லை, சமைத்த கறியில் ஒருநாளும் உப்புக் கூடினதில்லை. துடைத்துத் துடைத்துக் கண்ணாடிதான் மினுங்கியது. துடைக்கிறவளின் கைதான் தோல் உரிந்தது.

இந்த ஒரு மாதமாய்ப் பிள்ளையின் பேச்சு மாறியிருந்தது. என்ர அம்மா சேர்த்தது, என்ர அம்மா ஒட்டினது என்கிறாள். ஜெயந்தாவைக் கூப்பிட வேண்டி வந்தால், இஞ்சை ஒருக்கா என்கிறாள்.

எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னில் தொடங்கியது. நிலக்சனா யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து, ஞாயிறு பூசை கண்டு திரும்புவாள். அப்படி வந்த ஒரு சனியில் அலுமாரி மேல்தட்டைத் துப்புரவாக்கப் போய் அந்த ரின்னை இறக்கினாள். உள்ளே பழைய பற்றுச்சீட்டுகளும் அட்டைகளும். அவற்றில் கடிதத்தில் ஒட்டாத முத்திரைகள் ஒட்டியிருந்தன. அவளோடு படிப்பிக்கிற வாகீசன் என்ற வாத்தியாருக்கு அதுதான் விசர். தபால் முத்திரை எல்லாரும் சேர்ப்பார்கள்; அவர் தபாலில் போகாத முத்திரைகளைச் சேர்ப்பார். படம் எடுத்து அனுப்பினால் அஞ்சு நிமிஷத்தில் ஃபோனில் பதில் வரும். தலைவாசலில் ஸ்பீக்கரில் போட்டு நிலக்சனா கேட்பாள். இது பற்றுச்சீட்டில் ஒட்டுகிற வருமான முத்திரை. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சில்லறைக்கு வாங்கி அட்டையில் ஒட்டின சேமிப்பு முத்திரை. இது கசரோகத்துக்குக் காசு சேர்க்க நத்தாருக்கு விற்றது. மாதா படம் போட்டது கோயில் கூரைக்கு. எதையும் பார்த்தவுடன் முதலில் இரண்டு விஷயம் தேடவேண்டுமாம்: நாட்டின் பேர், காசின் அளவு. இரண்டும் இல்லையென்றால் அது தபாலுக்கு அடிச்சதில்லை.

ரின்னின் அடியில் கையடக்கமான ஒரு புத்தகம் கிடந்தது. மட்டை இல்லை. முதல் பக்கத்தில் றோஸ்மேரி என்று வடிவான எழுத்து. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாய்க் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாய்ப் பச்சை மயில். நாட்டின் பேர் இல்லை. காசு இல்லை. ஒரு எழுத்துக்கூட இல்லை.

வாகீசனுக்கு நித்திரை போய்விட்டது. மயில் என்றால் பர்மாவாய் இருக்கலாம் என்றார். பிறகு பர்மாவும் இல்லை, இந்தியாவில் ஏதோ ஒரு சமஸ்தானம் என்றார். இரண்டு கிழமை அதே கதை. நிலக்சனா ஜெயந்தாவிடமும் கேட்டாள். உது என்னெண்டு தெரியுமோ?

ஜெயந்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதல் பார்வையிலேயே தெரியும். ஒவ்வொரு மயிலும் எந்த நாளில் எந்தச் சாமானோடு வந்தது என்றுகூடச் சொல்லியிருப்பாள். ஆனால் பிள்ளை கேட்ட கேள்வியின் வால், என்ர அம்மான்ர சாமானுக்கை கிடந்தது, என்று முடிந்தது. எனக்கென்ன தெரியும் என்றாள் ஜெயந்தா. அவர்கள் பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் அலைந்த இரண்டு கிழமையும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. அது நல்ல குளிர்ச்சி இல்லை என்றும் தெரியும்.

அந்தக் கிழமைகளில் ஜெயந்தாவின் புருஷன் சில்வெஸ்ரர் முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடி வாடியில் நின்றார். மூன்றாம் சனிக்கு வீட்டுக்கு வந்தவர் மேசையைக் கடந்து போகையில் நின்று, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எடி பிள்ளை, உது பர்மாவும் இல்லை, சுமாத்திராவும் இல்லை, பரமலிங்கத்தாற்ற கடை மயில், சாமான் வாங்கினால் தாறது என்றார். சொன்னதோடு விடவில்லை. உள்ளே போய் வள்ளத்துப் பதிவும் காணி உறுதியும் வைக்கிற பிளாஸ்ரிக் பையைக் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் அடியில் கைவிட்டு, ஒரு கடித உறையை எடுத்தார். மூலையில் பச்சை மயில். மயிலின்மேல் தபால் கந்தோர்ச் சீல் குத்தியிருந்தது. எந்தக் கந்தோர் என்று தெரியாதபடி மை பரவியிருந்தது. பக்கத்தில், முத்திரை செல்லாது என்று நீலப் பென்சிலால் இழுத்த ஒரு கோடு.

முப்பத்தாறு வருஷம். அந்தப் பையை ஜெயந்தா எத்தனை தரம் எடுத்துக் கொடுத்திருப்பாள். வன்னியில் ஒவ்வொரு இடமாய் ஓடினபோது அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினவள் அவள்தான். உறுதிதான் என்று நினைத்துச் சுமந்தாள். அவர் ஒருநாளும் அதற்குள் இன்னது இருக்கிறது என்று சொல்லவில்லை.

வாகீசன் ஃபோனிலேயே துள்ளினார். கடை முத்திரை புத்தகத்தில் இருந்தால் ஒரு விஷயம். அதுவே தபாலில் ஓடி, குத்துப்பட்டு, போய்ச் சேர்ந்த உறையோடு இருந்தால் அது வேறு விஷயம். அப்படி ஒன்றை அவர் தன் கண்ணால் கண்டதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அதில் நடுமேசை இதற்குத்தான் என்று முடிவாயிற்று.

இன்றைக்கு நாலாம் சனி. சில்வெஸ்ரர் விறாந்தைத் தூணில் தங்கூசி வலையைக் கொழுவி, ஊசியால் பீத்தலைப் பொத்திக்கொண்டிருந்தார். நிலக்சனா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

"அப்ப நாங்கள் வாடியிலை முப்பது பேர்," என்றார். "தபால்காரன் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு, ஆர் சில்வெஸ்ரர், இரட்டைக் காசு கட்டினால்தான் கடிதம் எண்டான். ஏனெண்டு கேட்டன். உறையைத் தூக்கிக் காட்டினான். மயில். அண்டைக்கு ஒருத்தரும் வலை தொடேல்லை, சிரிப்புத்தான். குருசுமுத்தண்ணை சொன்னார், தம்பி, பெட்டை உன்னையும் கடைச் சாமானெண்டு நினைச்சிட்டாள், புத்தகம் நிரம்பினவுடனை வந்து தூக்கிக்கொண்டு போவாள் எண்டு."

நிலக்சனா சிரித்துச் சிரித்து எழுதினாள். "அம்மா உப்பிடிப் பகிடிக்காரியோ?"

"அதுதானே கதை. அப்ப எனக்கு நாவாந்துறையிலை ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வள்ளமும் மிசினும் சீதனம். இஞ்சை கொம்மான்ர கடிதமெண்டால் ஜெபப் புத்தகம் மாதிரி. சுகம், சுகமறிய ஆவல். இவளைக் கட்டினால் காலம் முழுக்கச் செபமாலைதான் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். அந்த மயில் வந்துதான் உள்ளுக்கை ஆர் இருக்கிறாளெண்டு காட்டிச்சுது. அண்டைக்கே முடிவெடுத்திட்டன். உதைச் செய்யிற ஒருத்தியை விட்டிட்டு வள்ளத்தையே கட்டுறது?"

ஓரா முள்ளு ஜெயந்தாவின் பெருவிரலுக்குள் ஏறியது. விரலைப் பிதுக்கி இரத்தத்தை விட்டாள். பிறகு அடுப்பில் கொதித்த தண்ணீரில் கொஞ்சம் கோப்பையில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் விரலை அமிழ்த்திக்கொண்டு இருந்தாள். சூடுதான் ஓரா முள்ளுக்கு மருந்து. விறாந்தையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு. அவளுக்குப் பதினாலு வயது, றோஸுக்குப் பத்தொன்பது. துறையடியில் பரமலிங்கத்தாரின் கடை. மண்ணெண்ணெயும் சவுக்காரமும் நூலும் மாவும் எல்லாம் அங்கேதான். கடைக்குப் போகிறவள் ஜெயந்தா. வெயிலிலும் சோளகத்திலும் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் ஜெயந்தா. மயிலை எண்ணி வாங்கி, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வருகிறவள் ஜெயந்தா. கடற்காற்றுக்கு முத்திரையின் பசை ஊறிப்போய்விடும் என்று சோற்றுப் பருக்கையை மசித்து ஒட்டுகிறவளும் அவள்தான். ஆனால் புத்தகம் தருகிற நாளில் பரமலிங்கத்தார் ஆருடைய பேர் என்று கேட்டபோது, மூத்தவளின்ர பேரைப் போடுங்கோ என்று தாய் சொல்லிவிட்டாள். றோஸ் தன் வடிவான எழுத்தில் பேரை எழுதினாள். அதற்குப் பிறகு அவள் செய்த வேலை கிழமைக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்ததுதான்.

அதே வருஷம்தான் சில்வெஸ்ரர் படலையடிக்கு வரத் தொடங்கியது. அவர்களுடைய தகப்பனோடு தொழிலுக்குப் போகிற பொடியன். படலையைத் திறக்கிறவள் எப்போதும் ஜெயந்தா. அவர் அவளைப் பார்த்துச் சிரிப்பார். சிரித்துவிட்டு, அக்கா நிக்கிறாவோ என்பார். ஒருநாளாவது வேறு ஏதாவது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். நெஞ்சுக்குள் கிடந்த அதற்கு என்ன பேர் என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது, அது பொறாமை என்ற பேரோடுதான் வந்தது.

வாடிக்கு அவர் போனபிறகு றோஸ் கடிதம் எழுதினாள். தபாலில் போட ஜெயந்தா. மூன்றாவது கடிதத்தின் அன்றைக்கு, றோஸ் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம், ஜெயந்தா புத்தகத்தை விரித்து ஒன்பதாம் பக்கத்தில் ஒரு மயிலைப் பிடுங்கினாள். அது கடதாசியோடு கிழிந்து வந்தது. முத்திரைக்குத் தந்த சில்லறையைத் துறையடியில் நின்று கடலுக்குள் எறிந்தாள். காசுக்காகச் செய்தாள் என்று பிறகு ஒருத்தரும் சொல்லக்கூடாது. கடிதம் எங்கேயாவது கந்தோரில் கிடந்து உக்கவேண்டும், அவ்வளவுதான்.

வெறும் உறையாகவே போட்டிருக்கலாமே. பிறகு வந்த வருஷங்களில் எத்தனையோ தரம் அவள் தன்னைக் கேட்டிருக்கிறாள். ஏன் மயில்? தபால் பெட்டியடியில் நின்றவர்கள் பார்ப்பார்கள் என்ற பயமோ? அல்லது, அவர் கைக்குப் போகக்கூடிய ஒன்றில் தன்னுடையது ஏதும் இருக்கட்டும் என்ற எண்ணமோ? போகக்கூடாது என்று நினைத்த கடிதத்தில், போனால் என்று நினைத்து ஒன்றை ஒட்டுவாளோ ஒருத்தி?

ஆனால் கடிதம் போனது. சோளகம் முடிந்து வாடியிலிருந்து வந்த அன்றே சில்வெஸ்ரர் நேரே கிணற்றடிக்கு வந்தார். றோஸ் துலாக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயந்தா கல்லில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மயில் ஒட்டின ஆள் நீர்தானே, என்று அவர் சிரித்தபடி கேட்டார்.

றோஸுக்குத் தெரியும். அவள் கிழமை தோறும் எண்ணுகிறவள். ஒன்பதாம் பக்கத்தில் கிழிந்த கட்டத்தை அவள் என்றைக்கோ கண்டிருப்பாள். அவள் திரும்பி ஜெயந்தாவைப் பார்த்தாள். வாளி தண்ணீருக்குள் அமிழ்கிற நேரம் மட்டும் பார்த்தாள். பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு, ஓம், நான்தான் என்றாள்.

அதைப் பற்றி இரண்டு பேரும் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. தாயிடம் அடி விழாமல் தங்கச்சியைக் காப்பாற்றினாளோ, தங்கச்சியிடமிருந்து களவெடுத்தாளோ? ஜெயந்தா கோபமாய் இருந்த காலங்களில் களவு என்றும், றோஸ் காய்ச்சலில் கிடந்த நாள்களில் காப்பு என்றும் நினைத்தாள். கேட்பதற்குள் அவள் போய்விட்டாள். செத்தவளிடம் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் பொறாமைப்பட முடியும். அதற்கு ஆள் உயிரோடு இருக்கத் தேவையில்லை.

"இஞ்சை ஒருக்கா வாங்கோ," என்று நிலக்சனா கூப்பிட்டாள். "கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு."

ஜெயந்தா மீனைச் சட்டியில் போட்டு, மூடி, அடுப்பைத் தணித்துவிட்டு, கழுவின கையைச் சீலையில் துடைத்தபடி வந்து கதிரையில் இருந்தாள். வாகீசன் சேருக்குக் கடையைப் பற்றி விபரம் வேணுமாம், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாதாம் என்றாள் நிலக்சனா. ஆம்பிளையள் ஆர் கடைக்குப் போனது என்று சில்வெஸ்ரர் வலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்.

அவள் சொன்னாள். முதலில் இரண்டு சொல்லாய், பிறகு தன்னை மறந்து. பத்து ரூபாய்ச் சாமானுக்கு ஒரு மயில். இருநூறு சேர்ந்தால் புத்தகம் முடிந்தது. பரமலிங்கத்தார் நல்லூரானுக்கு விரதம் பிடிக்கிற மனிசன், அதனால்தான் மயில். மாதா படத்தைப் போடச் சொல்லி எங்கட ஆச்சி கேட்க, மாதாவை நாக்காலை நக்கி ஒட்டுறதே மனிசி என்று கேட்டவர். கடையின் பேர் புத்தக மட்டையில் இருந்தது, முத்திரையில் இல்லை. புத்தகம் முடிந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு குடை கடைக்குள் ஆணியில் தொங்கியது. மஞ்சள் பிடி. அமத்தினால் படார் என்று தானே விரியும். ஊரில் வேறு ஒருத்தரிடமும் அப்படிக் குடை இல்லை.

அந்த மட்டை எப்படிப் போனதென்று பிள்ளை கேட்க, அதையும் சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் சண்டைக்குப் பயந்து எங்கட தீவைவிட்டு ஓடுகிற அவதியில், தாய் தலையணைக்குக் கீழே கைவிட்டு அரிசிக் கூப்பன் புத்தகத்தை எடுத்து நெஞ்சுக்குள் செருகினாள். எது போனாலும் கூப்பன் கிடக்கு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாழ்ப்பாணத்தில் அகதிகளுக்கு நிவாரணம் கொடுத்த இடத்தில், வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்று அதை நீட்டினாள். விதானையார் விரித்துப் பார்த்துவிட்டு, ஆச்சி, மயிலுக்கு அரிசி குடுக்கச் சொல்லி எனக்கு இன்னும் ஓடர் வரேல்லை என்றாராம். உண்மைக் கூப்பன் ஊரில் தலையணைக்குக் கீழேயே கிடந்தது. எழுத்துத் தெரியாத மனிசி; இரண்டும் ஒரே அளவு. வெப்பிசாரத்தில் தாய் மட்டையைக் கிழித்து எறிந்தாள். புத்தகத்தையே எறியப் போனவளிடம் றோஸ் வாங்கி வைத்துக்கொண்டாள்.

நிலக்சனா எழுதிய கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். உங்களுக்கு இவ்வளவு தெரியுமோ, ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த முகம் முழுதாய் அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஜெயந்தாவுக்கு விரலின் கடுப்புக்கூடக் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

"அப்ப இதைப் பாருங்கோ," என்று நிலக்சனா புத்தகத்தை ஒன்பதாம் பக்கத்தில் விரித்தாள். நடுவில் ஒரு கட்டம் வெறுமையாய், கடதாசி கிழிந்த காயத்தோடு இருந்தது. "உறையிலை இருக்கிற மயில் இதிலையிருந்து பிடுங்கினது. கிழிஞ்ச விளிம்பு சரியாப் பொருந்துது, சேர் கண்டுபிடிச்சிட்டார். எனக்கு இப்பதான் விளங்குது. ஒண்டு குறைஞ்சாலும் குடை இல்லையெண்டு தெரிஞ்சும் அம்மா பிடுங்கியிருக்கிறா. அப்பாவிலை எவ்வளவு விருப்பமெண்டால் உப்பிடிச் செய்வா, என்ன?"

ஜெயந்தா அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். சோற்றுப் பசை மஞ்சளாய்க் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் இருக்கும். சின்ன விரல்.

நிலக்சனா ஒரு தாளை அவள் முன்னால் வைத்தாள். கண்காட்சியில் உறைக்குப் பக்கத்தில் வைக்கிறதற்கு. தெரிந்த ஒரு ஆள் கையெழுத்து வைத்தால்தான் மற்றச் சேகரிப்பாளர்கள் நம்புவார்களாம். மேலே கடையைப் பற்றி எழுத இடம் விட்டிருந்தது. கீழே அவளே வடிவாய் எழுதியிருந்தாள். தாயின் எழுத்து அப்படியே வந்திருந்தது. இக்கடித உறையில் உள்ள முத்திரையை ஒட்டி அனுப்பியவர் என் தமக்கை றோஸ்மேரி என்பதை நான் அறிவேன். அதற்குக் கீழே புள்ளிக்கோடு.

"போடுமன், ஜெயந்தா," என்றார் சில்வெஸ்ரர். "உமக்குத் தெரியாததே?"

"தெரியும், அத்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். வெயில் தின்ற முகம். தங்கூசி நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த கண்ணுக்கு ஊசியை விட்டுக்கொண்டிருந்தார். நாவாந்துறை வள்ளத்தை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தது ஒரு பகிடி. அவர் அந்தப் பகிடிக்காரியைத்தான் கட்டினார். எட்டு வருஷம் அவளைத் தேடி றோஸோடு வாழ்ந்தார். பிறகு அவள் செத்துவிட்டாள் என்று நம்பி அழுதார். இருபத்தைந்து வருஷமாய் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறவளிடம் அவர் ஒரு பகிடியையும் எதிர்பார்க்கவில்லை. அவளும் விட்டதில்லை. உண்மையில் பகிடி என்று ஒன்று இருக்கவே இல்லை. பொறாமை பிடித்த ஒரு பெட்டையின் எச்சில் மட்டும்தான் அந்த உறையில் இருந்தது.

சொல்லிவிடலாம். ஒரு வசனம். சொன்னால் இந்தப் பிள்ளையின் முகத்தில் இப்போது இருக்கிறது அணைந்துபோகும். தாயைப் பற்றி அவளிடம் இருப்பது ஒரு படமும் ஒரு மயிலும்தான். மயிலைப் பிடுங்கினால் படம்தான் மிஞ்சும். வளர்த்த கை அதைச் செய்யாது. ஆனால் கையெழுத்து வைப்பதென்றால்? புத்தகத்தில் பேர் போனது. படலையடியில் அவர் போனார். கிணற்றடியில் மயிலும் போனது. அப்போதெல்லாம் அவள் சும்மா இருந்தாள். அவள் வாயிலிருந்து ஒன்றும் எடுக்கப்படவில்லை. இப்போது கேட்பது அவளுடைய கையை. தன் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

உறை அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மீன் தறிக்கையில் அதை நனைத்துக் கெடுக்க நினைத்ததை யோசித்தாள். இப்போது அதற்கு மனம் வரவில்லை. கண்ணாடித் தாளுக்குள் மயில் கொஞ்சம் சரிந்து ஒட்டியிருந்தது. அவசரத்தில் ஒட்டினது. பெட்டியடியில் நின்று, பெருவிரலால் ஒருதரம் அழுத்தினது ஞாபகம் இருந்தது. அதே பெருவிரல்தான் இப்போது கடுத்தது.

குசினிக்குள் சட்டி மூடி துடிக்கிற சத்தம் கேட்டது. நிலக்சனா பேனையை அவள் கைக்குப் பக்கத்தில் தள்ளினாள். அப்போதுதான் விரலைக் கண்டாள். நுனி வீங்கிச் சிவந்திருந்தது.

"அம்மா," என்றாள். "ஓரா குத்திப்போட்டுதே? சொல்லுறேல்லையே. கடுக்குதெண்டால் கடையைப் பற்றினதை நான் எழுதுறன். நீங்கள் அடியிலை பேரை மட்டும் வைச்சால் காணும்."

ஜெயந்தா பேனையை எடுத்தாள். மூடியைத் தேடிப் போட்டாள். காற்றுக்குத் தாள் பறக்காமல் அதன்மேல் பேனையைக் குறுக்காக வைத்தாள்.

"கை நோவுக்கில்லை, பிள்ளை," என்றாள். "கடையைப் பற்றி நீ எவ்வளவும் கேள், நான் சொல்லுறன். இதுக்கு நான் பேர் வைக்கமாட்டன்."

தூணடியில் வலை ஊசி நின்றது. அவள் கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழும்பி, மீன் சட்டியை இறக்கப் போனாள்.